பஞ்சு நடந்து போன மதியம்

மதியம் மூன்று மணி பத்து நிமிடம். மணி மெல்ல மூன்று முறை அடித்தது. கூடம் முழுக்கத் தலையணை போட்டுப் படுத்திருந்த நாற்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவரான பல் டாக்டர் மேடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியை மூடியிருந்த போர்வையை நீக்கினார்.

பெட்டிக்குள் பஞ்சு இல்லை.

பஞ்சு உட்காரும் மரக்கட்டையின்மேல் ஒரு தாள் சாய்ந்திருந்தது. தாளில் ஒரு படம். நீல நிற யானைக்குட்டி ஒன்று, தோளில் மூட்டையும் இரண்டு காலிலும் சிவப்பு சாக்ஸுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறது. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'எனக்குக் கால் முளைச்சிடுச்சு. நான் போறேன்.'

நாற்பது பேரில் பாதிப் பேருக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை. கனவு என்றே நினைத்தார்கள். யாரோ ஒருவர் விம்மும் சத்தம் கேட்ட பிறகுதான் இது நிஜம் என்று உறைத்தது.

பொம்மைக்குப் போய் அழுவார்களா என்று கேட்பவர்களுக்குப் பஞ்சுவைத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் வருவான். கையுறை மாதிரி உள்ளே கைவிட்டு ஆட்டும் கம்பளித் துணிப் பொம்மை. நல்ல அடர் நீலம். பேசிக்கொண்டே இருப்பான், பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவான். அவன் கண் இரண்டும் கறுப்புப் பொத்தான், இமை கிடையாது. அதனால் தூக்கம் வந்தால் பெரிய காது இரண்டும் முன்னால் சரிந்து கண்ணை மூடும். அந்தக் காது சரியும் நேரத்தில் ஊரே கொட்டாவி விடும். பஞ்சு தூங்கினால் நிகழ்ச்சி முடிந்தது, பார்த்தவர்களும் தூங்கினார்கள். அவனோடு தூங்கி வளர்ந்தவர்களும், பக்கத்தில் படுத்துத் தாங்களும் தூங்கிப்போன பெரியவர்களும்தான் இந்தச் சங்கம். வருஷத்துக்கு ஒரு நாள், அந்தப் பழைய படப்பிடிப்புக் கூடத்திலேயே, ஆளுக்கொரு தலையணையோடு வந்து பத்து நிமிஷம் ஒன்றாகத் தூங்குவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு யாரோ ஒரு புண்ணியவான் பஞ்சுவைக் கார்ட்டூனாக எடுத்தார். பிடித்தது சனி.

கார்ட்டூன் பஞ்சுவுக்கு இமை இருந்தது. போதாததற்குக் காலும் இருந்தது. சங்கம் இரண்டாக உடைந்தது. "கண்ணை மூடத் தெரியாதவன் எப்படித் தூங்குறான்ங்கறதுதான்யா மொத்த நிகழ்ச்சியும்! இமை வெச்சுட்டா அப்புறம் அது வெறும் யானை" என்றது காதுக் கட்சி. "முப்பது வருஷமா காதுக்குப் பின்னால கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே படுத்திருந்தான், பாவம். இப்பவாவது நிம்மதியா தூங்கட்டுமே" என்றது இமைக் கட்சி. இந்தச் சண்டையில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது என்றும் கேள்வி. பஞ்சு காணாமல் போன அன்று மாலை ஐந்து மணிக்கு ஓட்டெடுப்பு. இமைக் கட்சி சங்கத்தில் இருக்கலாமா, கூடாதா?

இப்போது பெட்டியும் காலி, சாக்ஸ் போட்ட யானைப் படமும் கையில். சொல்ல வேண்டுமா?

மூன்று பதினைந்து. எல்லாக் கண்ணும் ஒரே ஆளிடம் போய் நின்றன. பள்ளிப் பேருந்து ஓட்டும் தம்பி, இமைக் கட்சியின் செயலாளர். சமாதான ஏற்பாடாகப் பெட்டிச் சாவி இரண்டு செய்து, ஒன்றைத் தலைவரிடமும் மற்றதை இவனிடமும் கொடுத்திருந்தார்கள். அது இவன் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. அதைவிட மோசம், மணி அடிக்கும் வேலை அன்று இவனுடையது. ஊரே தூங்கும்போது விழித்திருந்த ஒரே ஆள்.

"எங்க வெச்சிருக்க? மரியாதையா குடுத்துடு" என்று ஒருவர் எழுந்தார். "போலீஸைக் கூப்பிடுங்க" என்று இன்னொருவர்.

"போலீஸெல்லாம் வேண்டாம்" என்றார் பல் டாக்டர் அவசரமாக. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தம்பி கழுத்துச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான். மனைவி இறந்த இந்த இரண்டு வருஷத்தில் அவன் பேசியதே குறைவு. பேருந்து, வீடு, மகள், சாயங்காலம் அவளோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கார்ட்டூன். இந்தச் சங்கம்தான் அவனுக்கு வெளியுலகம். இன்று அந்த மகள் சிட்டுவையும் முதல்முறையாகக் கூட்டி வந்திருந்தான். ஏனென்றால் குழந்தைகளும் பஞ்சுவுக்குள் கைவிட்டுப் பார்க்கலாம் என்று இமைக் கட்சி போராடி வாங்கியிருந்தது, குலுக்கலில் முதல் பெயர் சிட்டுவுக்கு விழுந்திருந்தது. ஒரு வாரமாக அவள் கையைக் கையாகவே வைத்திருக்கவில்லை. சோறு தின்னும்போதுகூட யானையாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையால் இப்போது அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, பஞ்சுவை அப்பாவா திருடினாரு?"

அத்தை என்பது தம்பியின் அக்கா, ஊருக்கெல்லாம் கண்ணாடிக்கடை அக்கா. மூக்குக்கண்ணாடி விற்பவள். நீங்கள் கடைக்குள் நுழையும்போதே உங்களுக்கு எந்தக் கண்ணில் பார்வை குறைவு என்று கழுத்தின் சாய்வை வைத்துச் சொல்லிவிடுவாள். கட்சி எதுவும் கிடையாது. பஞ்சுவையும் கார்ட்டூனையும் முழுசாகப் பார்த்ததில்லை. சிட்டுவுக்குத் துணையாக வந்தவள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் குனிந்து சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயதுக் குழந்தை வாழ்நாளெல்லாம் ஞாபகம் வைத்திருக்கப்போகும் மதியம் இது.

"இல்லடி. யாருன்னு அத்தை கண்டுபிடிச்சுச் சொல்றேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் குடு" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

காரணம், அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம். புது இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தப் பத்து நிமிஷமும் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். திரைச்சீலை வழியே வெயில் பால் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. நாற்பது பேரின் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கியதில் கூடமே மெல்ல மிதந்தது. தம்பி மணிப் பக்கத்தில் நின்றான், நகரவில்லை. பல் டாக்டர் மட்டும் படுக்காமல் சுவரில் சாய்ந்து, தலையணையைக் கைக்குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஒரு கட்டத்தில் உத்தரத்துக்கருகே நீல யானை ஒன்று நீந்திப் போனது. அது கனவுதான். அப்படியானால் மற்றதெல்லாம்? தம்பிக்காகக் கண்ணும் பொய் சொல்லுமோ?

மூன்று இருபத்தைந்து. பைகள், பெட்டிகள், மேடைக்கு அடி, எல்லாவற்றையும் தேடிவிட்டார்கள். பஞ்சு இல்லை. வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது.

அக்கா மேடையேறினாள். "ஒரே ஒரு கேள்வி. இன்னைக்குப் பஞ்சுவைக் கண்ணால பாத்தவங்க கை தூக்குங்க."

நாற்பது கையும் உயர்ந்தன.

"போர்வையை இல்ல. பஞ்சுவை. மூஞ்சியை."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து போர்வை போர்த்திய பெட்டியைத்தான் எல்லோரும் கும்பிடாத குறையாகப் பார்த்திருந்தார்கள். தூங்கி எழும் வரை போர்வையை விலக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அப்படியானால் பஞ்சு அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போனான் என்பதற்கு என்ன சாட்சி? ஒன்றும் இல்லை.

"கடைசியா பாத்தது யாரு?"

"நான்தான்" என்றார் தையல் அம்மா. பஞ்சுவைத் தைத்தவர். காதுக் கட்சியின் தூண்.

அவரை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"எப்போம்மா பாத்தீங்க?"

"வியாழக்கிழமை சாயங்காலம். வருஷா வருஷம் நான்தான் பிரஷ் போட்டுத் தட்டி வெப்பேன். டாக்டர் சாவியைக் குடுத்துட்டு டீ குடிக்கப் போனார். அரை மணி நேரம். அவர் வந்ததும் பெட்டியைப் பூட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவர் எதாவது சொன்னாரா?"

"'இதுல எத்தனை வருஷத்துத் தூசி இருக்கும்'னு கேட்டார். முப்பது வருஷம்னு சொன்னேன். மனுஷனுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. தெரியுமே, ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுற ஆளு."

"கழுவினதே இல்லையா?"

"ஐயோ! கம்பளிம்மா அது. சாயமும் நானே அடுப்புல காய்ச்சிப் போட்டது. அதுக்குத் தண்ணியைக் காட்டினதே இல்ல."

மூன்று நாற்பது. தம்பி மணிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று யோசித்தபடி அவன் காலைப் பார்த்தாள். வலது காலில் சிவப்பு சாக்ஸ். இடது கால் வெறுங்கால். காலையில் கிளம்பும்போதே கவனித்திருந்தாள். பெண்டாட்டி இல்லாத வீடு, ஜோடி கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். சிட்டுவுக்கும் அதே கோலம். "இன்னொண்ணு எங்கடி?" என்று கேட்டதற்கு "ஒண்ணுதான் அத்தை" என்று குதித்துக்கொண்டு ஓடிவிட்டாள். இப்போது நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச் சுவரோரம் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த இமைக் கட்சிக்காரர் அத்தனை பேருக்கும் ஒற்றைச் சிவப்பு சாக்ஸ்.

"என்னடா இது வேஷம்?"

"பஞ்சு வேஷம்க்கா. முதல் பகுதியில அவனுக்குக் கால் முளைக்குதுல்ல, அன்னைக்கே ஒரு சாக்ஸ் தொலைஞ்சிடுது. அதைத் தேடிக்கிட்டுப் போறதுதான் கதையே. இன்னும் கிடைக்கல. அதான் நாங்க எல்லாரும் இன்னைக்கு... சும்மா, ஒரு இதுக்காக." அவனுக்கு வெட்கமாக இருந்தது. "சிட்டுவோட அம்மா போன புதுசுல பாக்க ஆரம்பிச்சோம். தினமும் தேடுறான், கிடைக்கல, ஆனா அழாம தூங்கிடுறான். சிட்டுவும் அப்படித்தான் தூங்கக் கத்துக்கிட்டா. அவங்க சொல்ற மாதிரி வெறும் யானை இல்லக்கா அது."

அக்கா அவன் தோளில் கைவைத்தாள். பிறகு எழுந்தாள், விறுவிறுவென்று மேடைக்குப் போய் அந்தத் தாளை எடுத்தாள்.

வாசலில் கார்ட்டூன் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் போய்ப் பார்த்தாள். பஞ்சு மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கால் வெளியே நீட்டியிருக்கிறது, சிவப்பு சாக்ஸ். மற்றக் கால் போர்வைக்குள்.

மூன்று ஐம்பது. மறுபடி தையல் அம்மா.

"அம்மா, இந்தப் படத்துல எதாவது தப்பு தெரியுதா?"

தையல் அம்மா பார்த்தார். சட்டென்று கண்ணை விலக்கினார். "எனக்கு என்ன தெரியும்? நான் அந்தக் கண்றாவியெல்லாம் பாக்குறதில்ல."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கணும். எல்லாப் பகுதியும் பாத்துட்டேன். வெளிய சொல்லிடாதம்மா, மானம் போயிடும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நாலு மணி. பல் டாக்டர் சுவரோரம் அதே இடத்தில், அதே தலையணையோடு உட்கார்ந்திருந்தார். எப்போதும் பளீரென்று வெள்ளைச் சட்டை போடும் மனிதர். காலையில் அவரைப் பார்த்ததும் யாரோ "என்ன டாக்டர், சட்டைக்கு நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று கேலி செய்ததும் அவர் அசடு வழிந்ததும் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. ஆயிரம் கண்ணாடிக்குச் சாயம் பார்த்துக் கொடுத்தவள். கிட்டே போய்ப் பார்த்தாள். துணிக்குப் போடும் நீலம் சீராக ஏறும். இது தோளில் ஒரு திட்டு, கைமடிப்பில் ஒரு திட்டு.

"டாக்டர், தலை வலிக்குது. உங்க தலையணையைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

அவர் தலையணையை இன்னும் இறுக்கினார். "வேற... வேற எதாவது எடுத்துக்கம்மா."

"நீங்களே சொல்லிடுறீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். சிட்டு எங்கே என்று தேடினாள். அவள் அப்பாவின் மடியில் இருந்தாள். அதுதான் முக்கியம். அவள் காதில் விழ வேண்டும்.

"பெட்டியைத் திறக்க முடிஞ்சவங்க மூணு பேர். என் தம்பி, டாக்டர், அரை மணி நேரம் சாவி வெச்சிருந்த தையல் அம்மா. படத்தை வரைஞ்சவங்கதான் எடுத்தவங்க, சரியா? இந்த யானைக்கு ரெண்டு சாக்ஸ். கார்ட்டூனை ஒரே ஒரு தடவை பாத்தவங்ககூட ரெண்டு சாக்ஸ் போட மாட்டாங்க, ஒண்ணு தொலைஞ்சதுதான் அந்தக் கதையே. அந்தக் கால்களைப் பாருங்க."

இமைக் கட்சியின் கால்களை எல்லோரும் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

"வாசல்ல இருக்கிற சுவரொட்டியை மட்டும் பாத்தவங்கதான் மறைஞ்சிருக்கிற காலுக்கும் சாக்ஸ் மாட்டுவாங்க. என் தம்பி அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. தையல் அம்மாவும்..." அக்கா நிறுத்தினாள். வாக்கு கொடுத்திருக்கிறாளே.

தையல் அம்மா பெருமூச்சுவிட்டு எழுந்தார். "நானும் பாக்குறேன். எனக்கும் தெரியும். போதுமா?"

காதுக் கட்சியில் யாரோ 'ஆ' என்றார். பஞ்சு காணாமல் போனதற்குக்கூட அப்படி ஒரு சத்தம் வரவில்லை.

"மிச்சம் ஒருத்தர். ஆனா பஞ்சுமேல உயிரையே வெச்சிருக்கிறவர் ஏன் எடுக்கணும்? அங்கதான் நானும் முட்டிக்கிட்டு நின்னேன். அவர் எடுத்தது திருட இல்ல, குளிப்பாட்ட. குழந்தைங்க தொடப்போறாங்க, முப்பது வருஷத்துத் தூசி. வெந்நீர்ல போட்டுட்டார், தன்னோட சட்டையோட சேத்து. சாயம் சட்டையில இருக்கு. பைகளைத் தேடினோம், தலையணைகளைத் தேடல. பத்து நிமிஷமும் எல்லாரும் தலையணைமேல தலை வெச்சோம். இவர் மட்டும் வெக்கல. பஞ்சுமேல தலை வெக்க இவருக்கு மனசு வருமா?"

பல் டாக்டர் உறையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கைவிட்டு எடுத்தார்.

பஞ்சுதான். ஆனால் பாதிப் பஞ்சு. அடர் நீலம் போய் வெளிறிய வானத்தின் நிறம். உடம்பு சுருங்கி, இறுகி, ஒரு சின்ன மாதுளங்காய் அளவு ஆகியிருந்தது. காதுகள் ஆட்டுக்குட்டியின் காதாகி விறைத்து நின்றன. இழுத்தாலும் கண்ணுக்கு எட்டாது.

"வெந்நீர்னா கிருமி போகும்னு..." என்று ஆரம்பித்தார் பல் டாக்டர். "வெள்ளிக்கிழமை. வாஷிங் மெஷின் கதவைத் திறந்து எடுத்தேன், இப்படி இருந்தான். என்ன செய்றதுன்னு தெரியல. இமைக் கட்சி எடுத்த மாதிரி படம் வரைஞ்சு வெச்சா, எல்லாரும் ரெண்டு நாள் கத்துவாங்க, ஓஞ்சிடுவாங்கன்னு நெனைச்சேன். மணி அடிக்கிறது உன் தம்பின்னு இன்னைக்குத்தாம்மா தெரியும். இன்னொரு சாவி அவன்கிட்ட இருக்கிறது அந்தப் பதட்டத்துல உறைக்கல. அவன்மேல விழும்னு சத்தியமா நெனைக்கல. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல." முதியவர் குழந்தை மாதிரி அழுதார்.

தையல் அம்மா பஞ்சுவை வாங்கினார். உள்ளே விரல்விட்டுப் பார்த்தார், மூன்று விரலுக்கு மேல் நுழையவில்லை. கட்சி பேதமில்லாமல் நாலைந்து பேர் முயன்றார்கள். "இனிமே இவனுக்குள்ள யார் கையும் போகாது" என்றார் தையல் அம்மா.

"இந்தக் கை போகும்" என்றாள் அக்கா.

சிட்டு அப்பாவின் மடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு காலில் சாக்ஸ் வழுக்க, மறு கால் தரையில் ஒட்ட, நொண்டுவது போல் வந்தாள். கையை நுழைத்தாள். அளவெடுத்துத் தைத்தது போல் போனது. பஞ்சு தலையைத் தூக்கினான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், எல்லோரையும் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெரியவர், காதுக் கட்சி, வாயைப் பொத்திக்கொண்டார்.

"தூக்கம் வருதாம்" என்றாள் சிட்டு. காது எட்டவில்லை. இமையும் இல்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் இன்னொரு உள்ளங்கையை அவன் கண்மேல் வைத்து மூடினாள். பஞ்சு அவள் கைக்குள் தூங்கிப்போனான்.

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காதா, இமையா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மணி வந்தது, போனது. ஓட்டுப் பெட்டியை யாரும் வெளியே எடுக்கவே இல்லை.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு எதிரே போய் நின்றார். "எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடன்னு நிக்க வெச்சுட்டேன். உன் பொண்ணு முன்னாடி. அதை எப்படிச் சரிக்கட்டுறதுன்னு தெரியல தம்பி. தலைவர் பதவி வேண்டாம். ஒரே ஒரு தடவை அவனைத் தொட்டுப் பாக்கலாமா?"

சிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் தாடை இறுகியிருந்தது. அக்கா குறுக்கே பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். இது அவன் சொல்ல வேண்டியது. அவன் அந்த முதியவரின் கைகளைப் பார்த்தான். கழுவிக் கழுவித் தோல் வெளுத்துப்போன கைகள்.

"குடும்மா" என்றான் கடைசியில்.

சிட்டு பஞ்சுவை அவர் பக்கம் நீட்டினாள். பாதியில் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவரைக் கண்டிப்பாகப் பார்த்தாள்.

"தொடலாம் தாத்தா. ஆனா குளிப்பாட்டக் கூடாது."

"மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, பல் டாக்டர் ஒற்றை விரலை நீட்டினார்.